கோவக்கார நாய் வேணுமா சார்?

போன ஞாயித்துக்கிழமை மதியம். சாப்பிட்டு முடிச்சு, சித்த நேரம் கண்ணசரலாம்னு தலகாணியத் தட்டிப் போட்ட நேரம் பார்த்து ஒரு போன். பழைய ஆபீஸ் நண்பர். ஊரப்பாக்கம் பக்கம் தனி வீடு கட்டிக் குடிபோயிருக்கார். பக்கத்துத் தெருவுல ராத்திரி திருட்டு நடந்திருக்கு. மனுஷன் ஆடிப் போயிட்டார்.

"உனக்குத்தான் நாய் சமாச்சாரம் எல்லாம் தெரியுமே, நல்ல கோவக்கார நாயா ஒண்ணு சொல்லேன். கேட்டைத் தொட்டா கைய எடுத்துரணும்."

"சரி. காலைல எட்டு மணிக்கு வீட்டு வேலை செய்யற அம்மா கேட்டைத் தொடுவாங்களே, அவங்க கை?"

"அது... பழகிரும்ல?"

"பால் போடறவர்? கரண்ட் ரீடிங் எடுக்கறவர்? உன் பையனோட விளையாட வர்ற பக்கத்து வீட்டுப் பொண்ணு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கேன் கோர்சோ நல்லாருக்கும்னு சொல்றாங்க. வீடியோ பார்த்தேன், சிங்கம் மாதிரி இருக்கு"ன்னார். வீட்டுல நாலு வயசுப் பையன், எழுபது தாண்டின அப்பா, பகல் பூரா ஆபீஸ்ல இருக்கற புருஷன் பொண்டாட்டி. இந்த வீட்டுக்கு ஐம்பது கிலோ சிங்கம்.

அன்னைக்குப் போன தூக்கம்தான். ராத்திரியும் வரலை. கோபத்துல எழுத உட்கார்ந்துட்டேன். கோபம் அவர் மேல இல்லை. அந்த ‘கோவக்கார நாய்’ங்கற வார்த்தை மேல. அதை நானும் ஒரு காலத்துல பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சவன். அந்தக் கதைக்குப் பின்னாடி வர்றேன்.

முதல்ல எங்க பெரியப்பா கதை. கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசக்காட்டுல அவருக்கு நூத்துச் சொச்சம் ஆடு இருந்தது. அறுவடை முடிஞ்ச காட்டுல கிடை போடுவாங்க. ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம், காட்டுக்காரர் தர்றது கிடைக்காரருக்குக் கூலி. கிடைக்குக் காவல் செவலைன்னு ஒரு நாய். என்ன இனம்னு யாரும் கேட்டதில்லை, அதுக்கும் சொல்லத் தெரியாது :-)

எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். ராத்திரி பெரியப்பாவுக்குச் சோத்துத் தூக்கு கொண்டு போறேன். நிலா இல்லை. கிடைக்கு ஒரு முப்பது அடி இருக்கும்போது செவலை வந்து நின்னுச்சு. குரைக்கலை, பல்லைக் காட்டலை, பாயலை. எனக்கும் ஆட்டுக்கும் நடுவுல குறுக்க நின்னுச்சு. அவ்வளவுதான். தொண்டைக்குள்ள மட்டும் லேசா ஒரு உறுமல். எனக்குக் காலு ரெண்டும் தந்தியடிக்குது. உள்ள இருந்து பெரியப்பா குரல்: "ஏலே, அசையாத. அது ஒன்னயப் படிக்கு."

அரை நிமிஷம் இருக்கும். மோந்து பார்த்துச்சு. திரும்பிப் போய் கிடை ஓரத்துல படுத்துக்கிச்சு. படுத்தாலும் மூஞ்சி என் பக்கம்தான்.

சாப்பிடும்போது கேட்டேன், "ஏன் பெரியப்பா அது என்னைக் கடிக்கலை?" அவர் சொன்னது இன்னைக்கும் காதுல இருக்கு. "கடிக்கிற நாய் எதுக்குலே கிடைக்கு? கோவக்காரன் இன்னைக்கு நரியக் கடிப்பான், நாளைக்கு ஆட்டக் கடிப்பான். அவன வச்சுட்டு நான் தூங்க முடியுமா?"

பள்ளிக்கூடம் போகாத மனுஷன் ரெண்டு வரியில சொன்னதை, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் ஹாம்ப்ஷயர் கல்லூரியில ரேமண்ட் காப்பிங்கர், லோர்னா காப்பிங்கர்னு ஒரு தம்பதி வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு சொன்னாங்க. 1970-களின் கடைசியில துருக்கி, இத்தாலி, யூகோஸ்லாவியா பக்கமெல்லாம் போய் ஆட்டுக் காவல் நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து, அமெரிக்கப் பண்ணைகள்ல வளர்த்துப் பார்த்தாங்க. நல்ல காவல் நாய்க்கு அவங்க சொன்ன லட்சணம் மூணு. மந்தைக்குத் துரோகம் பண்ணாத நம்பகம். மந்தையை விட்டு மனசு நகராத கவனம். புதுசா எதைப் பார்த்தாலும் நடுவுல போய் நிக்கற பாதுகாப்புணர்ச்சி. கோபம்னு நாலாவதா ஒண்ணு அதுல கிடையாது.

இன்னும் ஒரு விஷயம் சொன்னாங்க. எனக்கு மண்டையில பல்பு எரிஞ்ச இடம் அதுதான். ஓநாய் வேட்டையாடறதுக்கு ஒரு வரிசை இருக்கு. குறிவைக்கும், முறைச்சுப் பார்க்கும், பதுங்கிப் போகும், துரத்தும், கவ்வும், கொல்லும், கிழிக்கும், தின்னும். மனுஷன் என்ன பண்ணினான்னா, தலைமுறை தலைமுறையா இந்த வரிசையில ஒவ்வொரு வேலைக்கு ஒவ்வொரு துண்டை வளர்த்துவிட்டு, மத்ததை மழுங்கடிச்சுட்டான். பார்டர் காலின்னு ஸ்காட்லாந்து எல்லைப் பக்கத்து நாய். அதுகிட்ட முறைக்கறதும் பதுங்கறதும் துரத்தறதும் உச்சத்துல இருக்கும், கவ்வறது அடங்கியிருக்கும். அதனாலதான் கண்ணாலயே ஆட்டை ஓட்டுது. நம்ம சிப்பிப்பாறையும் கன்னியும் பார்வையில முயலைப் பிடிச்சுத் துரத்திக் கவ்வற வகை. ஆட்டுக் காவல் நாய்கிட்டயோ இந்த வரிசையே கிட்டத்தட்ட அணைஞ்சு கிடக்கும். ஆடு ஓடினா அதுக்குத் துரத்தத் தோணாது. தோணினா காவல் காக்க முடியாதே!

புரியுதுங்களா? வேட்டை நாயோட குணம் வேற, மேய்ப்பு நாயோட குணம் வேற, காவல் நாயோட குணம் வேற. நாம என்னடான்னா மூணையும் ஒரே அண்டாவுல போட்டுக் கிண்டி, மேல ‘ஆக்ரோஷம்’னு லேபிள் ஒட்டி வைக்கிறோம். சிப்பிப்பாறையை வாங்கி மொட்டை மாடியில அடைச்சு வச்சு, "சார், எதிர் வீட்டுப் பூனையைக் கொன்னுடுச்சு, வெறி பிடிச்ச நாய்"னு புலம்பறவரை எனக்குத் தெரியும். அது வெறி இல்லை ஐயா. அதோட உத்தியோகம்.

காவல் நாய் எப்படித்தான் காக்குது? நமீபியாவுல சிவிங்கிப் புலி பாதுகாப்புக்குன்னு ஒரு அமைப்பு இருக்கு. லாரி மார்க்கர்ங்கற அம்மா ஆரம்பிச்சது. அங்க 1994-லிருந்து விவசாயிகளுக்கு கங்கால், அனடோலியன் வகைக் குட்டிகளைக் கொடுக்கறாங்க. துருக்கியில ஓநாய்க்கு எதிரா நிக்கற நாய். குட்டியா இருக்கும்போதே ஆட்டுப் பட்டியில விட்டுடுவாங்க. அது வளர்ந்து சிவிங்கிப் புலியோட கட்டிப் புரண்டு சண்டை போடும்னு நினைச்சா அது சினிமா. பெரும்பாலும் அது செய்யறது மந்தைக்கும் வந்தவனுக்கும் நடுவுல நின்னு, நெஞ்சை நிமிர்த்தி, ஊரே அதிர்ற மாதிரி குரைக்கறது. திருட்டுத்தனமா வந்த சிவிங்கிப் புலிக்கு ‘பார்த்துட்டாங்கப்பா’ன்னு தெரிஞ்சதும் வேற பக்கம் போயிடும். ஆடு பொழைச்சது. விவசாயி துப்பாக்கியை எடுக்கலை, அதனால சிவிங்கிப் புலியும் பொழைச்சது. கடைசியில பார்த்தா அந்த நாய் காத்தது ரெண்டு பேரையும்.

ஆஸ்திரேலியாவுல வார்னம்பூல்னு ஒரு ஊர். அது பக்கத்துல மிடில் ஐலண்ட்னு குட்டித் தீவு, அதுல சின்னப் பெங்குவின்கள். தண்ணி வத்தற நேரம் நரிங்க நடந்தே தீவுக்குப் போய் வேட்டையாடி, 2005-ல எண்ணிக்கை பத்துக்கும் கீழே போயிடுச்சு. ஒரு கோழிப்பண்ணைக்காரர் யோசனையில 2006-ல மரெம்மா நாய்களைக் கொண்டுவிட்டாங்க. இத்தாலிய ஆட்டுக் காவல் நாய் அது. கொஞ்ச வருஷத்துல பெங்குவின் நூறைத் தாண்டிடுச்சு. ஒண்ணரை சாண் உயரம் இருக்கற பறவைக்கு நடுவுல நாப்பது கிலோ நாய் நடமாடுதுன்னா, அதுக்குள்ள எவ்வளவு அடக்கம் இருக்கணும்? அதைப் போய் ‘கோவக்காரன்’னு சொல்லுவீங்களா?

இப்ப அரசாங்கத்துக்கு வர்றேன். 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய கால்நடைத் துறை எல்லா மாநிலத்துக்கும் ஒரு கடிதம் அனுப்பிச்சு. 23 வகை நாய்களை இறக்குமதி பண்ணக்கூடாது, இனவிருத்தி பண்ணக்கூடாது, விக்கக்கூடாது, ஏற்கெனவே வளர்த்தா கருத்தடை பண்ணணும்னு. பட்டியலைப் பார்த்தீங்களோ? சண்டைக்குன்னே உருவாக்கின பிட்புல் இருக்கு, சரி. அதே வரிசையில கங்கால், அக்பாஷ், டோர்ன்யாக், ஷார்ப்ளானினாத்ஸ்! நாலும் ஆடு காக்கற நாய்ங்க. டோசாங்கற ஜப்பான் நாய் ரெண்டு எடத்துல ரெண்டு பேருல வருது. ‘டெரியர்ஸ்’னு மொட்டையா ஒரு பேரு. அப்படிப் பார்த்தா கைப்பைக்குள்ள போற யார்க்‌ஷயர் டெரியரும் பயங்கரவாதிதான். உச்சக்கட்டம், ‘பேன்டாக்’. அது ஒரு இனமே கிடையாது. பழைய இங்கிலீஷ்ல அதுக்கு அர்த்தமே ‘கட்டிப் போட்ட நாய்’. அப்ப நம்ம தெருவுல பாதி வீட்டு நாய் அந்தப் பட்டியல்ல வந்துரும்! கர்நாடக உயர்நீதிமன்றம் ஏப்ரல் 10-ஆம் தேதி அந்தச் சுற்றறிக்கையை ரத்து பண்ணிச்சு. சம்பந்தப்பட்டவங்க யாரையும் கலந்து பேசாம போட்டதுன்னு.

ஆனா நான் அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டு ‘நாய்ங்க வாழ்க’ன்னு கொடி பிடிக்கற ஆளும் இல்லை. அடுத்த மாசமே, 2024 மே, சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில ஒரு மாநகராட்சிப் பூங்காவுக்குள்ள ரெண்டு ராட்வெய்லர் அஞ்சு வயசுக் குழந்தையைக் கடிச்சுக் குதறிச்சு. சங்கிலி இல்லாம இருந்த நாய்ங்க. அந்தக் குழந்தையோட அம்மா கிட்டப் போய் ‘எல்லாம் வளர்ப்புலதாங்க இருக்கு’ன்னு தத்துவம் பேசறதுக்கு எனக்கு வாய் வராது. பயப்படறவங்க பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது நாய் வளர்க்கறவன். அவன் சொல்ற பதிலோ பெரும்பாலும் ரெண்டுல ஒண்ணு. ‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது சார்’, இல்லைன்னா ‘எங்க நாய் யாரையும் விடாது சார்’. ரெண்டுமே அவன் நாயைப் படிக்கலைங்கறதுக்கு அத்தாட்சி.

‘எல்லாம் வளர்ப்புல’ங்கற கட்சிக்காரங்களுக்கு ஒரு கேள்வி. அப்படின்னா காப்பிங்கர் எதுக்குத் துருக்கி வரைக்கும் போய்க் குட்டி தூக்கினார்? உள்ளூர்க் குட்டி ரெண்டை ஆட்டுப் பட்டியில விட்டு வளர்த்திருக்கலாமே? குணம் ரத்தத்துலயும் இருக்கு. அதை ஒத்துக்க வேண்டியதுதான்.

உடனே ‘பார்த்தியா, அந்த இனமே அப்படி’ன்னு எதிர்க்கட்சிக்காரங்க குதிக்க வேணாம். 2022-ல ‘சயின்ஸ்’ இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்தது. பதினெட்டாயிரத்துக்கு மேல நாய்களைப் பத்தி வளர்க்கறவங்ககிட்டக் கேட்டு, ரெண்டாயிரத்துச் சொச்சம் நாய்களோட மரபணுவைப் படிச்சாங்க. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இருக்கற குண வித்தியாசத்துல, இனத்தோட பேரை வச்சு விளக்க முடிஞ்சது சுமார் 9 சதவீதம்தான். எவ்வளவு சீக்கிரம் சீறும்ங்கறதுக்கும் இனப் பேருக்கும் இருந்த தொடர்பு ரொம்பவே சொற்பம்.

முரணா இருக்கா? எனக்கும் முதல்ல இருந்தது. யோசிச்சுப் பார்த்தா இல்லை. குணம் பிறப்புல வருது, ஆனா இனத்தோட பேர்ல வர்றதில்லை. அப்பன் ஆத்தா கிட்ட இருந்து வருது. எங்க பெரியப்பா செவலையைத் தேர்ந்தெடுத்தது அது என்ன சாதின்னு பார்த்து இல்லை. அதோட ஆத்தா பக்கத்து ஊர்க் கிடையில எட்டு வருஷம் ஒரு ஆட்டையும் தொடாம காவல் காத்ததைப் பார்த்து. ஆட்டைக் கடிச்ச நாயோட குட்டியை யாரும் எடுக்க மாட்டாங்க. அதுதான் தேர்வு. வேலையை விட்டு, கண்காட்சிக்கும் போட்டோவுக்கும்னு பத்து தலைமுறை பெத்துப் போட்டா, மிஞ்சறது நிறமும் மூக்கும் சர்டிபிகேட்டும்தான். (நாய்க்கு ‘ஜாதி நாய்’னு பேர் வச்ச ஊர் ஐயா இது. நமக்குப் பேரைப் பார்த்துக் குணத்தை முடிவு பண்றது புதுசா என்ன!)

நம்ம நாட்டு நாய்ப் பிரியர்களும் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேக்கணும். 2005-ல ராஜபாளையத்துக்குத் தபால்தலை போட்டாங்க. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு அப்புறம் நாட்டு மாடு மாதிரி நாட்டு நாய்க்கும் மவுசு வந்தது. 2020-ல பிரதமர் வானொலியில ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேர் சொன்னார். சந்தோஷம். ஆனா அந்த மவுசுல ஊருக்கு ஊர் கொட்டகை போட்டுக் குட்டி விக்க ஆரம்பிச்சாங்களே, அதுல எத்தனை பேர் தாயோட குணத்தைப் பார்த்தாங்க? ‘பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஜம்முனு இருக்கு’. அதுவே தகுதி. முழு வெள்ளை நாய்கள்ல பிறவிச் செவிடு வர்றது தெரிஞ்ச விஷயம். குட்டிக்குப் பின்னாடி நின்னு கைதட்டிப் பார்க்கக்கூட யாருக்கும் பொறுமை இல்லை. காது கேக்காத காவல் நாயைத் தூக்கத்துல ஒரு குழந்தை தொட்டா என்ன ஆகும்? பதறி எழுந்து கடிக்கும். அதுக்கும் பேரு ‘கோவக்கார நாய்’.

சரி, என் கதை. தள்ளிப் போட்டுட்டே வந்தேன், சொல்லித்தான் ஆகணும்.

2011-ல நான் ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். முப்பத்திரண்டு நாள் குட்டி. வித்தவர் "ஒரு மாசத்துலயே எடுத்தாத்தான் சார் உங்ககிட்ட ஒட்டும்"னார். நம்பினேன். 1965-லயே ஸ்காட்டும் ஃபுல்லரும் நாய்களைப் பத்திப் புத்தகமா எழுதி வச்சுட்டாங்க, மூணாவது வாரத்துல இருந்து பன்னெண்டாவது வாரம் வரைக்கும்தான் குட்டி உலகத்தைப் பழகற காலம்னு. அதுல முதல் பாதி தாய்கிட்டயும் கூடப் பொறந்ததுங்ககிட்டயும் பழகணும். எவ்வளவு அழுத்திக் கடிச்சா வலிக்கும்ங்கறதை அது அங்கதான் கத்துக்குது, அண்ணன் தம்பி காதைக் கடிச்சு, கத்தல் கேட்டு. இப்ப 2017-ல வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது. சந்தையில போய்க் கேட்டுப் பாருங்க, "எட்டு வாரமா? அது வரைக்கும் யார் சார் தீனி போடறது"ம்பாங்க.

வீரான்னு பேர் வச்சேன். வாடகை வீடு. மொட்டை மாடியில தகரம் போட்டு, சங்கிலி கட்டி வளர்த்தேன். காவல் நாய், கண்டவங்களோட பழகினா கெட்டுப் போயிடும்னு யாரோ சொன்னாங்க. யாரையும் கிட்ட விடலை. பழகவேண்டிய மிச்ச வாரம் எல்லாம் அவன் பார்த்தது நாலு சுவரும் ஒரு தண்ணித் தொட்டியும் என் மூஞ்சியும்தான். ஒரு வயசுல மாடிப்படியில யார் காலடி கேட்டாலும் சங்கிலி அறுந்துர்ற மாதிரி பாய்வான். எனக்கு அதுல பெருமை வேற. ‘எங்க வீரா யாரையும் விட மாட்டான்’. சொந்தக்காரங்க வந்தா மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன், சர்க்கஸ் மாதிரி.

இன்னைக்கு யோசிச்சா, அது காவலே இல்லை. பயம். ஓட வழி இல்லாத பயம். செவலைக்கு ஒரு ஆளைப் படிக்க அரை நிமிஷமும் நகர இடமும் இருந்தது. வீராவுக்கு ஆறடிச் சங்கிலி. எதிர்ல வர்றது என்னன்னு தெரியாது, விலகிப் போக முடியாது, பாயறது ஒண்ணுதான் பாக்கி. பத்து தடவை பாய்ஞ்சான், பத்து தடவையும் எதிராளி பயந்து இறங்கிப் போனான். ‘ஓ, இதுதான் வேலை’ன்னு அவனுக்கு நானே பாடம் எடுத்திருக்கேன்.

நடுவுல ஒரு பயிற்சியாளர்கிட்ட விட்டேன். "நீங்கதான் தலைவன்னு அதுக்குக் காட்டணும் சார்"னு சொல்லி, மல்லாக்கத் தள்ளி, கழுத்தை அழுத்திப் பிடிச்சுக் காட்டினார். இந்தத் தலைவன் சமாச்சாரம் எங்க இருந்து வந்ததுன்னா, கூண்டுல ஒண்ணுக்கொண்ணு உறவில்லாத ஓநாய்களை அடைச்சு வச்சுப் பார்த்த பழைய ஆராய்ச்சியில இருந்து. 1970-ல டேவிட் மெக் எழுதின ஓநாய்ப் புத்தகம் அதைப் பரப்பிச்சு. அதே மெக் காட்டுல போய் வருஷக்கணக்கா ஓநாய்களைப் பார்த்துட்டு, 1999-ல கட்டுரையே எழுதினார், காட்டுல ஓநாய்க் கூட்டம்னா அது ஒரு குடும்பம், அப்பா அம்மா பிள்ளைங்க, அங்க தலைவன் பதவிக்குச் சண்டை கிடையாதுன்னு. எழுதினவரே திருத்திக்கிட்டார், நம்ம ஊர்ப் பயிற்சியாளர்கள் இன்னும் திருந்தலை. வீரா அதுக்கு அப்புறம் உறுமறதை நிறுத்திட்டான். நான் சந்தோஷப்பட்டேன். மடையன். உறுமல்ங்கறது ‘தள்ளிப் போ’ன்னு நாய் சொல்ற மரியாதையான எச்சரிக்கை. அதை அடிச்சு நிறுத்தினா, அடுத்தது எச்சரிக்கை இல்லாத கடிதான்.

2012 ஆகஸ்ட். தண்ணி கேன் போடற தம்பி, கீழ கேட் திறந்திருக்கவும் நேரா மாடிக்கே கேனைத் தூக்கிட்டு வந்துட்டான். வீரா சத்தமே போடலை. படுத்திருந்தவனைப் பார்த்து, பாவம், தடவிக் கொடுக்கலாம்னு கைய நீட்டியிருக்கான். முழங்கைக்குக் கீழ சதை பிய்ஞ்சு தொங்கிடுச்சு.

அஞ்சு ஊசிக்கும் நான்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு மாசம் அவனால கேன் தூக்க முடியலை. அந்தச் சம்பளத்தை நான் கொடுத்தேன். கொடுத்தா ஆச்சா? மூணாவது ஊசி அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போது அவன் சொல்றான், "நாய் மேல தப்பு இல்லண்ணே, நான்தான் கேக்காம கைய நீட்டிட்டேன்." இருபது வயசுப் பையன். ஊர்ல அவங்க அம்மாவுக்கு அவன் அனுப்பற பணம்தான் அடுப்பெரிக்குது. அவன் தன் மேல தப்பைப் போட்டுக்கிறான். நான் பக்கத்துல உட்கார்ந்து டோக்கன் சீட்டை மடிச்சுட்டு இருக்கேன். அன்னைக்கு என் வாயில வந்திருக்க வேண்டிய ஒரு வார்த்தை வரலை. இப்ப எழுதறேன். தப்பு நாய் மேலயும் இல்லை, உன் மேலயும் இல்லை தம்பி.

இதெல்லாம் எங்க நண்பர்கிட்ட போன்ல சொல்லலை. சொல்ல வெக்கம். அவர் திரும்ப புதன்கிழமை கூப்பிட்டார். "அப்ப என்னதான்யா வாங்கறது"ன்னார், கொஞ்சம் எரிச்சலா.

நான் சொன்னேன். முதல்ல கேட்டுக்கு நல்ல பூட்டு, வாசலுக்கு ஒரு லைட், முடிஞ்சா ஒரு கேமரா. திருடனுக்கு வேண்டியது இருட்டும் அமைதியும். அமைதியைக் கெடுக்க ஒரு நாய் குரைச்சாப் போதும், கடிக்கணும்னு அவசியமே இல்லை. அதுக்கு உங்க தெருவுலயே தடுப்பூசி போட்டு நாலு வீட்டுச் சோறு தின்னுட்டுத் திரியற நாட்டு நாய் ஒண்ணு தாராளம். இல்லை, பெரிய காவல் நாய்தான் வேணும்னா, குட்டியைப் பார்க்காதீங்க, தாயைப் பாருங்க. விக்கறவர் வீட்டுக்குள்ள நீங்க நுழையும்போது அது என்ன பண்ணுதுன்னு பாருங்க. வந்து நின்னு, உங்களைப் படிச்சு, அவர் ‘சரி’ன்னதும் விலகிப் போச்சுன்னா அதோட குட்டியை யோசிக்கலாம். சங்கிலியில தொங்கிட்டு நுரை தள்ளிச்சுன்னா, எவ்வளவு அழகா இருந்தாலும் வண்டியைத் திருப்புங்க. அப்புறம் எட்டு வாரத்துக்கு முன்னாடி தூக்காதீங்க. தூக்கின நாள்ல இருந்து வேலைக்கார அம்மா, பால்காரர், குடை பிடிச்சவர், ஹெல்மெட் போட்டவர், சக்கர நாற்காலி, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, எல்லாத்தையும் காட்டுங்க. பழகினா காவல் கெட்டுடாது. சாதாரணம் எதுன்னு தெரிஞ்ச நாய்க்குத்தான் அசாதாரணம் எதுன்னு தெரியும். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம், பத்து வருஷத்துக்கு. முடியுமா?

"ரெண்டு மணி நேரமா?"ன்னார். ஆபீஸ் போக வரவே மூணு மணி நேரம் ஆகுதாம் அவருக்கு. பூட்டுக் கடை நம்பர் கேட்டு வாங்கிட்டார்.

வீராவை மதுராந்தகம் தாண்டி ஒரு தெரிஞ்சவர் தென்னந்தோப்புல விட்டேன். கருணைக்கொலை பண்ணிடுங்கன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. மனசு வரலை. மனசு வராதது அவன் மேல பாசத்தாலயா, என் குத்தத்தை மறைக்கவான்னு இன்னைக்கும் பிரிச்சுச் சொல்லத் தெரியலை. தோப்புக் காவலுக்கு ஒரு குடும்பம் அங்கேயே தங்கியிருந்தது. அந்த அம்மா முதல் ரெண்டு மாசம் கிட்டயே போகலை. தூரத்துல உட்கார்ந்து கீரை ஆய்வாங்க, முறம் புடைப்பாங்க, அவனைப் பார்க்கவே மாட்டாங்க. பகல்ல கட்டு, ராத்திரி வேலிக்குள்ள அவிழ்ப்பு. மெல்ல மெல்ல அவனா வந்து அவங்க பின்னாடி படுக்க ஆரம்பிச்சிருக்கான். நான் போட்ட முடிச்சு எல்லாம் அவிழ்ந்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன். வெளியாள் வந்தா கடைசி வரைக்கும் கட்டித்தான் வச்சாங்க.

கடைசியா நான் போனது 2015 தை மாசம், பொழுது சாயற நேரம். ரெண்டு வருஷம் கழிச்சுப் போறேன். போறேன்னு முன்னாடியே சொல்லலை, அவனை அவிழ்த்து விட்டாச்சுன்னும் எனக்குத் தெரியாது. பைக்கை வெளிய நிறுத்திட்டு, ஹெல்மெட்டைக் கழட்டாமலே வேலிப் படலைத் தள்ளிட்டு உள்ள நடந்தேன். களத்துல அந்த அம்மாவோட பேத்தி, மூணு வயசு இருக்கும், தேங்காய் மட்டையை வச்சு விளையாடிட்டு இருந்தா. எங்க இருந்து வந்தான்னு தெரியலை, வெள்ளையா ஒரு உருவம் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவுல குறுக்க வந்து நின்னுச்சு. பாயலை. தொண்டைக்குள்ள ஒரு உறுமல். நான் அசையலை. மெதுவா ஹெல்மெட்டைக் கழட்டினேன். கிட்ட வந்து கையை மோந்தான், வாலை ஒரே ஒரு தடவை ஆட்டினான். திரும்பிப் போய் அந்தப் பிள்ளை பக்கத்துல படுத்துக்கிட்டான், மூஞ்சியை என் பக்கம் வச்சு.